மின்சார வண்டி யாருக்காக ஓடும்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



மின்சாரக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சைக்கிளுக்கு டயர் மாற்றுவதென்றாலே சம்பளத் தேதியைப் பார்க்கிறவர்கள் நாம். நமக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியிலிருந்தே துவங்குவோம்.

காருக்குச் சொந்தக்காரர்கள் நம்மில் மிகச் சிலர். ஆனால் கார் செய்கிறவர்கள் நம்மில் பல ஆயிரம் பேர். அதன் பாகங்களை வார்ப்பவர்கள், கடைபவர்கள், துளையிடுபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். பஸ் ஓட்டுகிறவர்களும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும், மூலைப் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவர்களும் நம்மவர்களே. தவணையில் வாங்கிய இரு சக்கர வண்டியில் ஷிப்டுக்குப் போகிறவர்களும் நாம்தான். எஞ்சின் போய் மோட்டார் வருகிறது என்றால், அது முதலில் நம் அடுப்பங்கரைக்குத்தான் வருகிறது. ஆகையால் இந்த விஷயத்தைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

இது நடக்கிற காரியமா? நடந்தால் யாருக்கு நல்லது? யாருக்குக் கஷ்டம்? இந்த மூன்றையும் பார்ப்போம்.

மோட்டார் நமக்குப் புதிதல்ல

ஆலைத் தொழிலாளிக்கு மின் மோட்டாரைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம். பழைய ஆலைகளில் ஒரு பெரிய நீராவி எஞ்சின் இருக்கும். அதிலிருந்து நீண்ட ஷாப்ட் ஒன்று கூரையோரமாக ஓடும். அதில் பெல்ட் மாட்டித்தான் எல்லா யந்திரங்களும் சுற்றின. பெல்ட்டில் சிக்கினால் கை போகும். 1930களின் துவக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் மலையிலிருந்து கோவைக்கு இறங்கியது. ஆலைகள் பெருகின. நாளடைவில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்தது.

வயலிலும் இதே கதைதான். மாடு கட்டிக் கமலை இறைத்த கிணற்றில் எண்ணெய் எஞ்சின் வந்தது. பிறகு மின்சார பம்ப் வந்தது. எண்ணெய் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், கைப்பிடியைச் சுற்ற வேண்டும், புகையைக் குடிக்க வேண்டும். மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் போதும்.

சாலையிலும் மின்சாரம் நமக்குப் பழக்கமானதே. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் வண்டி ஓடியது. 1953ல்தான் அது நின்றது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. மின்சாரம் சக்கரத்தைச் சுற்றுமா என்ற சந்தேகம் நம் பாட்டன் காலத்திலேயே தீர்ந்துபோயிற்று.

டிராமுக்கும் ரயிலுக்கும் தலைக்கு மேல் கம்பி உண்டு. கம்பியில்லாமல் ஊர் சுற்றும் வண்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? அதைச் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். சுமப்பதற்குப் பாட்டரி வேண்டும். மின்சாரக் காரின் முழுக் கதையும் இந்தப் பாட்டரியின் கதைதான்.

ஓடிய வண்டி ஏன் நின்றது?

மின்சாரக் கார் நேற்று முளைத்ததல்ல. 1899ல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் பாரிஸ் நகருக்கு அருகே மின்சாரக் காரை மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அந்த வேகத்தைத் தொட்ட முதல் கார் அதுதான். பெட்ரோல் கார் அன்று அதற்குப் பின்னால் நின்றது. 1900ல் அமெரிக்காவில் செய்த கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரக் கார்கள்.

பிறகு ஏன் மறைந்தன? பல காரணங்கள். பூமிக்கடியில் பெட்ரோலிய எண்ணெய் ஏராளமாகக் கிடைத்தது. ஃபோர்டு கம்பெனி 1908ல் துவங்கி ஒரே மாதிரிக் காரை லட்சக்கணக்கில் செய்து விலையை வருஷா வருஷம் இறக்கியது. 1912ல் பெட்ரோல் காருக்குத் தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்டர் வந்தது. கையால் சுற்றிக் கிளப்பும் தொல்லை ஒழிந்தது. இவற்றோடு மின்சாரக் காருக்குள்ளேயே ஒரு பலவீனம் இருந்தது. அதன் ஈயப் பாட்டரி பிணம் கனம் கனத்தது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வீட்டு மீட்டர் காட்டுகிற யூனிட்டை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாகவும் புகையாகவும் வீணாக்கிவிடுகிறது. சக்கரத்துக்கு வந்து சேருவது சுமார் 3 யூனிட். மின் மோட்டார் அப்படி வீணடிப்பதில்லை. கொடுத்ததில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குத் தந்துவிடும். ஆனால் அந்த 3 யூனிட்டைச் சுமக்க ஈயப் பாட்டரியில் 100 கிலோ வேண்டும்! ஒரு கிலோ பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஒரு மூட்டை நெல்லைவிடக் கனமான பாட்டரி. வண்டி தன்னைச் சுமப்பதா, ஆளைச் சுமப்பதா?

அப்படியும் அது முற்றிலும் சாகவில்லை. எங்கே பிழைத்துக் கிடந்தது என்பது ருசிகரமான விஷயம். பிரிட்டனில் வீடு வீடாகப் பால் ஊற்றும் வண்டிகள் பெரும்பாலும் பாட்டரியில் ஓடின. 1950களிலும் 1960களிலும் பதினாயிரக்கணக்கில் ஓடின. அந்த வண்டி விடியற்காலையில் கிளம்பும். தெரிந்த தெருக்களில் நின்று நின்று மெதுவாகப் போகும். மத்தியானத்துக்குள் டிப்போவுக்குத் திரும்பும். மறுநாள் விடியும்வரை மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். வேகமும் வேண்டாம், தூரமும் வேண்டாம், தினசரி ஒரே வழி. கனமான ஈயப் பாட்டரியைக்கொண்டே அந்த வேலை லாபமாக நடந்தது. இந்தப் பால் வண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டரி இளைத்தது, விலையும் இறங்கியது

நிலைமையை மாற்றியது லித்தியம் என்னும் மிக லேசான உலோகம். லித்தியம் பாட்டரி 1991ல் கடைக்கு வந்தது. முதலில் படம் பிடிக்கும் கருவிகளிலும், பிறகு நம் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் புகுந்தது. அதற்கு அடிப்படை போட்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஈயத்தில் 100 கிலோ வேண்டியிருந்த அதே 3 யூனிட்டுக்கு இதில் 20 கிலோ போதும்.

விலை? 2010ல் ஒரு யூனிட் கொள்ளக்கூடிய பாட்டரி ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024ல் உலகச் சராசரி சுமார் 115 டாலர். பதினான்கு வருஷத்தில் பத்தில் ஒன்பது பங்கு விலை விழுந்துவிட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் இப்படி நடந்தால் நாம் கோயில் கட்டியிருப்போம்!

விளைவு என்ன? 2024ல் உலகத்தில் விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் மின்சாரம் ஏற்றி ஓடுபவை. அந்த வருஷம் நார்வேயில் விற்ற புதுக் கார்கள் நூற்றில் 89 மின்சாரக் கார்கள். குளிர் நடுக்கும் நாடு. பெட்ரோலிய எண்ணெயைத் தோண்டி விற்றுப் பணம் சேர்த்த நாடு. அங்கே சர்க்கார் பல வருஷங்களாக மின்சாரக் காருக்கு வரியைத் தள்ளிக் கொடுத்தது. நாட்டின் மின்சாரமோ பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருகிறது.

ஆகவே முதல் கேள்வி தீர்ந்தது. வண்டி ஓடும். ஆனால் நார்வே பணக்கார நாடு. அவர்கள் வழியை அப்படியே நாம் காப்பி அடிக்க முடியாது. நமக்கு எது பொருந்தும் என்று நம் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

ஓட ஓடத்தான் லாபம்

இரண்டு தொழிலாளிகளை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஆலைக்குப் போய்வரத் தினம் 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறார். மாதம் 26 நாளில் 780 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 17 லிட்டருக்கு மேல் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,730 ரூபாய். மின்சார ஸ்கூட்டருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 4 யூனிட் என்று தாராளமாகவே வைப்போம். மாதத்துக்கு 31 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 250 ரூபாய். மிச்சம் மாதம் 1,480 ரூபாய். வருஷத்துக்கு 17 ஆயிரத்துக்கு மேல். ஒரு மாதச் சம்பளத்தைத் தொடுகிற தொகை!

இன்னொருவர் தினம் 5 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார். அவருக்கு மிச்சம் மாதம் 250 ரூபாய்கூட வராது. வண்டி வாங்கும்போது அதிகம் கொடுத்திருந்தால் அந்தப் பணம் திரும்பப் பல வருஷமாகும். நடுவில் பாட்டரி செத்தால், புதிதாக மாற்றப் பல பத்தாயிரம் ரூபாய் எண்ணிவைக்க வேண்டும்.

இதிலிருந்து தெரிவது என்ன? மின்சார வண்டியில் செலவெல்லாம் முன்னால் இருக்கிறது, மிச்சமெல்லாம் பின்னால் இருக்கிறது. பாட்டரிக்கு முதலில் பணம் போடுகிறோம். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெறுகிறோம். ஓடாமல் நின்றால் பணம் முடங்கிக் கிடக்கும்.

இப்போது கேட்கிறோம்: எந்த வண்டி அதிகம் ஓடுகிறது? பங்களா வாசலில் நிற்கும் கார் ஒரு நாளில் ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் ஓடும். பாக்கி 22 மணி நேரம் தூங்கும். பஸ் காலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவு வரை ஓடும். ஆட்டோ ஓடும். சாமான் வண்டி ஓடும். மின்சாரம் யாருக்கு அதிகம் பொருந்தும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. முதல் பொருத்தம் பஸ்ஸுக்கு, அடுத்தது ஆட்டோவுக்கும் சாமான் வண்டிக்கும், பிறகு தினம் தூரம் போகிற தொழிலாளியின் ஸ்கூட்டருக்கு. கடைசி இடம்தான் பங்களா காருக்கு. விளம்பரங்களிலோ இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது!

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. சீனாவில் ஷென்ஜென் நகரம் 2017க்குள் தன் பஸ்கள் அத்தனையையும், 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களை, மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. நம் இந்தியாவிலேயே பாருங்கள். கார்களில் மின்சாரம் இன்னும் சொற்பம். ஆனால் 2024ல் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகள். அவற்றை வாங்கியவர்கள் அன்றாடம் ஓட்டி அன்றாடம் பிழைக்கிறவர்கள். பணக்காரன் யோசித்துக்கொண்டிருக்கும்போது ரிக்‌ஷாக்காரன் மாறிவிட்டான். கணக்கு அவனுக்குத்தான் முதலில் புரிந்தது.

நம் கிராமங்களில்கூடக் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் பாட்டரி வண்டி ஓட்டுவதைக் காணலாம். வயலில் முதுகில் கட்டி மருந்தடிக்கும் பம்ப்பும் பாட்டரிக்கு மாறிவருகிறது. இவையெல்லாம் அந்தப் பால் வண்டியின் வாரிசுகள். தெரிந்த வழி, குறைந்த தூரம், மாலையில் ஓய்வு.

எங்கே சிரமம்?

சிரமங்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஏற்றும் இடம். சொந்த வீடும் வாசலில் பிளக்கும் உள்ளவனுக்குக் கவலையில்லை. சாதாரண பெரிய பிளக்கில் மணிக்கு 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பிடிக்கும் கார் இரவில் 10 மணி நேரத்தில் நிரம்பும். ஸ்கூட்டருக்கு அதில் ஒரு பங்குதான். ஆனால் லைன் வீட்டில் குடியிருக்கிறவன் என்ன செய்வான்? மாடியில் வாடகைக்கு இருக்கிறவன் என்ன செய்வான்? ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருந்தால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? பாட்டரியின் பலவீனத்தை விஞ்ஞானம் குறைத்துவிட்டது. வீடில்லாத பலவீனத்தை விஞ்ஞானம் குறைக்காது.

இரண்டாவது, தூரம். பாரம் ஏற்றி ராத்திரி பகலாக மாநிலம் தாண்டும் லாரிக்குப் பாட்டரி இன்னும் பெரும் சுமை. வழியில் வேகமாக ஏற்றும் நிலையங்கள் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். லாரி டிரைவருக்குக் காத்திருக்கும் நேரத்துக்குப் படி யார் கொடுப்பார்கள்?

மூன்றாவது, பாட்டரியின் ஆயுள். மலிவு என்று ஈயப் பாட்டரி போட்ட ரிக்‌ஷாவுக்கு ஒன்றிரண்டு வருஷத்திலேயே பாட்டரி மாற்ற வேண்டி வரும். லித்தியம் பல வருஷம் உழைக்கும். ஆனால் முன்பணம் அதிகம். பாட்டரி செத்த அன்று மாற்றப் பணம் ஒதுக்கியிராவிட்டால், ஊராட்சி வாங்கிக் கொடுத்த வண்டியும் மூலையில்தான் நிற்கும். தூய்மைப் பணியாளர் மறுபடி கையால் தள்ளத் துவங்குவார். வண்டி கொடுப்பதைப் போட்டோ எடுக்க ஆள் உண்டு. பாட்டரி மாற்றுவதை யார் போட்டோ எடுப்பார்கள்?

புகை ஒழிகிறதா, இடம் மாறுகிறதா?

"மின்சார வண்டிக்குப் புகை இல்லை" என்கிறார்கள். வண்டியில் இல்லை என்பது மெய். நாள் முழுதும் சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரரும், ஆட்டோக்காரரும், நடைபாதை வியாபாரியும் இதனால் நல்ல காற்று சுவாசிப்பார்கள். இது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த மின்சாரம் எங்கே பிறந்தது? இந்தியாவின் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியை எரித்து வருகிறது. அண்ணா சாலையில் புகை குறைந்து எண்ணூரில் சாம்பல் கூடுமானால், காரில் போகிறவனின் புகையை மீனவன் தலையில் கொட்டினோம் என்றுதான் அர்த்தம்.

இதற்காக மின்சார வண்டியே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. மோட்டார் சிக்கனமானது என்பதால், நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் கரி கொஞ்சம் குறைவுதான். மேலும், பெட்ரோல் வண்டி பழசாகப் பழசாக அதிகம் புகைக்கும். மின்சார வண்டியோ காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருகத் தானே சுத்தமாகிவரும். இந்த இரண்டும் நம்மிடம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்திலும் மே முதல் செப்டம்பர் வரை காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. வெயிலுக்குப் பஞ்சமேயில்லை. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். காற்றையும் வெயிலையும் யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.

வெயில் மின்சாரம் அதிகம் கிடைப்பது நடுப்பகலில். அந்த நேரத்தில் தொழிலாளியின் வண்டி எங்கே நிற்கிறது? ஆலை வாசலில், ஸ்டாண்டில்! அங்கே கூரை போட்டு, கூரைமேல் சூரியத் தகடு போட்டு, கீழே பிளக் வைத்தால் எவ்வளவு சுலபம்! லைன் வீட்டுப் பிரச்னைக்கும் அதிலேயே பாதி வழி பிறந்துவிடுகிறது.

பாட்டரி செய்யும் பொருள்களுக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். சிலவகை லித்தியம் பாட்டரிகளுக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டில் சுமார் 70 பங்கு ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கையால் குழி தோண்டி எடுப்பவர்களில் குழந்தைகளும் இருந்தது உலகறிந்த விஷயம். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்த்துச் செய்யும் பாட்டரிக்குக் கோபால்ட் தேவையில்லை. அது பெருகிவருவது நல்ல செய்தி. நம் ஊரிலும் பழைய ஈயப் பாட்டரியை உடைத்து உருக்குகிற பட்டறைகளில் உழைப்பவர்கள் உண்டு. ஈயப் புகை ரத்தத்தில் சேரும் விஷம். வண்டி புகையில்லாமல் போவது போதாது. அதைப் பிறப்பிக்கிறவர்களும் அடக்கம் செய்கிறவர்களும் விஷமில்லாமல் வாழ வேண்டும்.

வேலை என்னவாகும்?

இப்போது நம் அடுப்பங்கரைக்கு வருவோம்.

பிஸ்டன், ரிங், வால்வு, கிராங்க் ஷாப்ட், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர், ஆயில் பில்டர். இவை எதுவும் மின்சார வண்டிக்கு எஞ்சினில் இருப்பதுபோல் தேவைப்படுவதில்லை. பல பாகங்கள் அடியோடு இல்லை. அம்பத்தூரிலும், ஸ்ரீபெரும்புதூரிலும், ஓசூரிலும், கோவையிலும் இவற்றைச் செய்து பிழைப்பவர்கள் எத்தனை குடும்பங்கள்! பெரிய கம்பெனிக்காரன் ஒரு லைனை மூடி இன்னொரு லைனைத் திறப்பான். அவனிடம் பாகம் செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை என்ன செய்யும்? அதில் 20 வருஷம் லேத் பிடித்தவன் என்ன செய்வான்? மூலை மெக்கானிக் என்ன செய்வார்?

புது வேலைகள் வருகின்றன என்பதும் உண்மை. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் 2021ல் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை திறந்தார்கள். பாட்டரி கோர்க்கவும், மோட்டார் சுற்றவும், மின்னணுப் பலகை செய்யவும் ஆள் வேண்டும். ஆனால் போகிற வேலை ஒரு ஊரில். வருகிற வேலை வேறு ஊரில். போகிற வேலையில் இருப்பவனுக்கு 45 வயது. வருகிற வேலைக்குக் கேட்பது 20 வயது. மொத்தத்தில் கூட்டிக் கழித்தால் சரியாக வரலாம். ஒரு குடும்பத்தின் கணக்கில் சரியாக வராது. மனிதன் மொத்தத்தில் சாப்பிடுவதில்லை. அவனவன் வீட்டில்தான் சாப்பிடுகிறான்.

பஸ்ஸைப் பாருங்கள். 2025 ஜூன் 30ந் தேதி சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் கிளம்பின. தாழ்ந்த தளம், சத்தமில்லை. வயதானவர்களும் கால் முடியாதவர்களும் சுலபமாக ஏறலாம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவை ஓடுவது கிலோமீட்டர் ஒப்பந்த முறையில். பஸ்ஸும் டிரைவரும் பராமரிப்பும் தனியார் கம்பெனியின் பொறுப்பு. கண்டக்டர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஒரே பஸ்ஸில் முன்னால் இருப்பவர் ஒரு முதலாளியின் ஆள், பின்னால் இருப்பவர் இன்னொரு நிர்வாகத்தின் ஆள். மோட்டார் மாறியபோது கூடவே வேலையின் தன்மையும் மாறிவிட்டது. இப்படி மாறவேண்டும் என்று எந்த பாட்டரியும் கேட்கவில்லை. அது மனிதர்கள் செய்த முடிவு. மனிதர்கள் செய்த முடிவைப் பற்றி மனிதர்கள் பேசலாம்.

கிணற்று மோட்டாரின் கதை நமக்குப் படிப்பினை. பம்ப் வந்ததும் கமலை ஓட்டியவனின் வேலை போயிற்று. நிலம் செழித்தது என்பது மெய். ஆனால் ஆழத் தோண்டப் பணம் உள்ளவனுக்குத் தண்ணீர் கிடைத்தது; பக்கத்து ஏழையின் கிணறு வற்றியது. அது மோட்டாரின் குற்றமா? மோட்டார் சுற்றத்தான் தெரிந்த யந்திரம். யாருக்காகச் சுற்றுவது என்பதை ஊர் பேசி முடிவு செய்யவில்லை. பணம் முடிவு செய்தது.

நாம் கேட்கவேண்டியது

யந்திரத்தை உடைத்து யாரும் வரலாற்றை நிறுத்தியதில்லை. யந்திரம் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்பியவர்களும் ஏமாந்தார்கள். ஆகவே இந்த வண்டியை எதிர்க்க வேண்டாம். கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

நாம் சொல்வது சாதாரண விஷயங்கள்தான். பொதுப் பணம் செலவழிப்பதானால் அது முதலில் பஸ்ஸுக்குப் போகட்டும். பிறகு ஆட்டோவுக்கும் சாமான் வண்டிக்கும் போகட்டும். பங்களா கார் காத்திருக்கலாம். அதற்குக் கால் வலிக்காது. ஆலை வாசலிலும், பஸ் நிலையத்திலும், ஆட்டோ ஸ்டாண்டிலும், சந்தையிலும் எல்லோருக்கும் பொதுவாக ஏற்றும் இடங்கள் வரட்டும். அங்கே யூனிட்டுக்கு என்ன விலை என்று பலகையில் எழுதிப் போடட்டும். ஆட்டோக்காரருக்குப் பாட்டரிக் கடன் கந்துவட்டியாக இல்லாமல், ஓடுகிற வருமானத்துக்கு ஏற்ற தவணையில் கிடைக்கட்டும். எஞ்சின் பாகம் செய்கிறவர்களுக்குப் புது வேலைப் பயிற்சி ஆலை மூடிய பிறகு கண்துடைப்பாக வேண்டாம். மூடுவதற்கு முன்னால், சம்பளத்தோடு, அதே ஊரில் வேண்டும். டீசல் எஞ்சின் பார்த்த டிப்போ மெக்கானிக்குக்கே மோட்டார் பார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். மோட்டார் சுற்றத் தெரிந்தவர்களுக்குக் கோவையில் பஞ்சமா?

இவற்றில் எதுவும் விஞ்ஞானத்தால் முடியாத காரியமல்ல. பாட்டரியை இளைக்க வைப்பதுதான் கஷ்டமான வேலை. நூறு வருஷத்துக்கு மேல் பிடித்த அந்த வேலையை விஞ்ஞானிகள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது பங்கீடு. அது ஆய்வுக்கூடத்தில் தீராது. ஆலை வாசலிலும், டிப்போவிலும், கிராம சபையிலும்தான் தீரும்.

நாளை சாலைகளில் மின்சார வண்டி ஓடும், அதில் சந்தேகமில்லை. கூலிக்குப் போகும் தாய் விடியற்காலையில் அதில் ஏறி, நேரத்துக்குப் போய், நல்ல காற்றைச் சுவாசித்துத் திரும்பி வருவாளா? அல்லது அது எழுப்பும் புழுதியில் ஓரமாக நின்று வழிவிடுவாளா? இந்தக் கேள்விக்கு மோட்டார் பதில் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் ஆலையில், தங்கள் பட்டறையில் எத்தனை பேர் எஞ்சின் பாகத்தை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கிலிருந்து மேலே பேசுவோம்.